கிரையோனிக்ஸ் கடைசிப் படி: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து யோசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இறந்தவரின் உடலைக் கடுங்குளிரில் கெடாமல் வைத்திருந்து, பிற்காலத்தில் மருத்துவம் வளர்ந்தால் எழுப்பிவிடலாம் என்று காத்திருப்பதுதான் கிரையோனிக்ஸ். இதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்ததும் "எங்கே சேரணும், எவ்வளவு ஆகும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. சேர்வது உண்மையில் கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் பாதிக்குக் காசே ஆகாது. அவற்றை விட்டுவிட்டுக் கடைசிப் படியில் மட்டும் பணம் கட்டினால், கட்டிய பணத்துக்கும் பலன் இருக்காது. காரணம் இரண்டாம் படியில் வருகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். உறையவைக்கப்பட்ட மனிதர் ஒருவர்கூட இதுவரை எழுந்ததில்லை. பிறந்து வளர்ந்த பாலூட்டி எதுவும், எலி உட்பட, திரவ நைட்ரஜனின் குளிரிலிருந்து முழு உடலாக உயிரோடு திரும்பியதில்லை. இது தெரிந்த பிறகும் ஆர்வம் இருக்கிறதா? சரி, மேலே படியுங்கள்.

முதல் படி: எது கிரையோனிக்ஸ், எது இல்லை

நம் ஊரில் சாவு விழுந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் வாடகை ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிடும். வெளியூரிலிருந்து மகனோ மகளோ வரும்வரை, ஒருநாள் இரண்டுநாள், அது உடல் அழுகுவதைத் தள்ளிப்போடும். அதற்கும் கிரையோனிக்ஸுக்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசுவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸ், அதாவது திரவ நைட்ரஜன் கொதிக்கும் வெப்பநிலை. அந்தக் குளிரில் உடலின் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றே போகும்.

அந்தக் குளிருக்குப் போகும் வழியில்தான் சிக்கல். உடலில் பெரும்பங்கு தண்ணீர். அது பனிக்கட்டியாக மாறும்போது செல்களை நசுக்கும், உலர்த்தும். அதனால் இரத்தத்தை வெளியேற்றிவிட்டு, உறைதடுப்புத் திரவத்தை இரத்தக் குழாய்கள் வழியாகச் செலுத்துகிறார்கள். அது சரியாகப் பரவினால் திசு பனிக்கட்டி ஆகாமல் கண்ணாடி போன்ற திடநிலைக்குப் போகும். அது பரவ வேண்டுமானால் இரத்தக் குழாய்கள் அடைபடாமல் இருக்க வேண்டும். இறந்து பல மணி நேரம் ஆகிவிட்டால் அது நடக்காது.

இந்தத் தொழில்நுட்பத்தின் சின்ன வடிவத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்துக் குச்சியை வெளியே எடுக்கும்போது ஒரு கேனிலிருந்து வெண்புகை கிளம்புமே, அதற்குள் இருப்பது இதே திரவ நைட்ரஜன்தான். அந்தக் கேனுக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். மனித உடல் வைக்கும் பெரிய கொள்கலனும் அப்படித்தான். ஆகவே மின்வெட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். நிரப்ப ஆளும் பணமும் தொடர்ந்து இருக்குமா என்று பாருங்கள்.

அளவு பெரிதாகப் பெரிதாக வேலை கடினமாகிறது. விந்து, கருமுட்டை, கரு எல்லாம் இன்று வாடிக்கையாக உறைந்து மீள்கின்றன. உறைகருவிலிருந்து முதல் குழந்தை 1984-லேயே பிறந்துவிட்டது. உறுப்பு என்று வந்தால், முயலின் சிறுநீரகம் ஒன்றைக் கண்ணாடிநிலைக்குக் கொண்டுபோய் மீட்டு, முயலுக்கே பொருத்தி, அது வேலை செய்ததாக 2009-இல் கிரெகரி ஃபாஹி குழு அறிவித்தது. 2023-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் எலிச் சிறுநீரகங்களை 100 நாள் வரை வைத்திருந்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கொண்டு சீராகச் சூடேற்றி, திரும்பப் பொருத்தி ஓடவிட்டார்கள். முழு மூளை அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. 2016-இல் ஒரு முயல் மூளையின் நுண்ணமைப்பை அழகாகப் பாதுகாத்துக் காட்டினார்கள். ஆனால் அதில் திசுவைக் கெட்டிப்படுத்தும் ரசாயனம் சேர்ந்திருந்தது. அமைப்பு தங்கியது, உயிர் தங்கவில்லை.

வரலாற்றில் இரண்டு ஆண்டுகள் போதும். 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியர் உறையவைக்கப்பட்டார். அவர் உடல் இன்றும் அரிசோனாவில் இருக்கிறது. 1979-இல் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறையில் ஒரு சங்கம் பாதுகாப்பதாகச் சொன்ன ஒன்பது உடல்கள், பணம் தீர்ந்து நைட்ரஜன் நிரப்பாமல் விடப்பட்டு, உருகிப்போன செய்தி வெளியானது. ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கும்போது அதன் விஞ்ஞானிகளைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதன் அறக்கட்டளைக் கணக்கைக் கேளுங்கள்.

இரண்டாம் படி: உயிரோடு இருக்கும்போதே மூளையைக் காப்பாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கிரையோனிக்ஸ் காப்பாற்ற நினைப்பது மூளையை. உங்கள் நினைவு, குணம், கற்ற தொழில் எல்லாம் அங்கேதான். இருபது வருடம் கவனிக்காத இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதே மூளையின் நுண்குழாய்களைத்தான் அடைக்கின்றன. பக்கவாதத்திலோ மறதி நோயிலோ பாதி அழிந்த மூளையை எவ்வளவு நேர்த்தியாக உறையவைத்தாலும், உறைவது மிச்சம் இருப்பது மட்டும்தான். போன நினைவை நைட்ரஜன் திருப்பித் தராது. பிரஷர் மாத்திரைக்கும் கிரையோனிக்ஸுக்கும் உள்ள உறவு இதுதான். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு அர்த்தமில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். முப்பது வயதைத் தாண்டியவர்கள் வருடம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். 140/90-ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். "மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்த முடியாதாமே" என்று தள்ளிப்போடும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. பீடியும் வாயில் அடக்கும் புகையிலையும் நிற்க வேண்டும், இதில் கொஞ்சம் என்ற பேச்சே இல்லை. கேழ்வரகுக் களியைப் பற்றி ஒரு வார்த்தை. தீட்டிய அரிசிச் சோற்றைவிட அது நல்லதுதான், ஆனால் களியும் மாவுச்சத்துதான். சர்க்கரை இருப்பவர் இரண்டு உருண்டையை ஒன்றாக்கி, கீரையையும் பருப்பையும் கூட்டிக்கொண்டால் பலன் தெரியும். ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இன்னும் குடிப்பவர்கள், 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு மாறுங்கள். எலும்பு இறுகி நடக்க முடியாமல் போனால் மற்ற உடற்பயிற்சிப் பேச்சு எதற்கு?

ஹெல்மெட்டும் ஆயுள் நீட்டிப்புதான். தொப்பூர் கணவாயிலும் நான்குவழிச் சாலையிலும் வண்டி ஓட்டுகிறவருக்கு அதைவிட மலிவான மூளைப் பாதுகாப்பு கிடையாது. காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்ளுங்கள். இது பலருக்கும் வியப்பாக இருக்கும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. செவித்திறன் குறைவும், பிரஷரும், சர்க்கரையும், புகையும், தலைக்காயமும் அந்தப் பட்டியலில் உள்ளன.

ஆயுள் மாத்திரைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ராபமைசின் கொடுத்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன என்று 2009-இல் நிரூபித்தார்கள். மனிதருக்கு அது ஆயுளைக் கூட்டும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குத் தரும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. சர்க்கரை இல்லாதவர் ஆயுளுக்காக மெட்ஃபார்மின் போடுவதும் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கிப் போட வேண்டாம்.

இந்தப் படி இரண்டு வகையில் கடைசிப் படிக்கு உதவுகிறது. ஒன்று, மூளை முழுசாக இருக்கும். இரண்டு, நீங்கள் கூடுதலாக வாழும் ஒவ்வொரு வருடத்திலும் உறையவைக்கும் முறை தேறிக்கொண்டு வருகிறது. 1967-இல் போனவருக்குக் கண்ணாடிநிலை முறை கிடைக்கவில்லை. கிரையோனிக்ஸ் வண்டியில் கிடக்கும் ஸ்டெப்னி மாதிரி, அதுவும் யாரும் ஓட்டிப் பார்க்காத ஸ்டெப்னி. ஓடுகிற நாலு சக்கரத்தையும் முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: தூரத்தைக் கணக்குப் போடுங்கள்

இந்தியாவில் உடலை இப்படி வைத்துப் பாதுகாக்கும் நிலையம் இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ஆல்கர் (1972-இல் தொடங்கியது), மிச்சிகனில் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் (1976), ஐரோப்பாவில் டுமாரோ பயோ, சீனாவின் ஜினானில் யின்ஃபெங், ரஷ்யாவில் கிரியோரஸ், ஆஸ்திரேலியாவில் சதர்ன் கிரையோனிக்ஸ் என்று சில இடங்கள் உண்டு. ஆஸ்திரேலிய நிலையம் தன் முதல் உடலை 2024-இல்தான் ஏற்றது.

நல்ல முறையில் நடந்தால் இப்படி நடக்கும்: நோயாளி இறக்கப்போவது தெரிந்து குழு படுக்கையருகில் காத்திருக்கும். மருத்துவர் இறப்பை அறிவித்த சில நிமிடங்களில் பனித் தொட்டியில் கிடத்தி, மார்பழுத்தக் கருவியால் இரத்த ஓட்டத்தைத் தக்கவைத்து, இரத்தம் உறையாமல் ஹெப்பாரின் செலுத்தி, பிறகு உறைதடுப்புத் திரவத்தை ஏற்றுவார்கள். இரத்தம் நின்று ஐந்தாறு நிமிடத்திலேயே மூளைச் செல்கள் சேதமாகத் தொடங்கும் என்பதால்தான் இந்த அவசரம்.

இப்போது பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் உயிர் பிரிகிறது என்று வையுங்கள். இறப்பை எழுதித் தர மருத்துவர் வரவே விடிந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 90 கிலோமீட்டர். விமான நிலையமோ ஓசூர், அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி, நகரத்துக்கு மறுமுனையில் தேவனஹள்ளியில். அதன் பிறகு சான்றிதழ்கள், சரக்குப் பதிவு, கடல்தாண்டிய பயணம். நிலையம் போய்ச் சேர நாட்கள் ஆகும். அந்த நிலையில் உறைதடுப்புத் திரவம் ஏற்ற முடியாமல், வெறுமனே உறையவைப்பதுதான் மிஞ்சும். பனிக்கட்டிச் சேதம் முழுமையாக இருக்கும். இதைச் சொல்லாமல் உறுப்பினர் படிவத்தை நீட்டுகிறவரிடம் கவனமாக இருங்கள்.

எப்படிச் சாகிறோம் என்பதும் கணக்கில் வரும். சாலை விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் வரும். அதைத் தடுக்க வழியில்லை. தூக்கத்தில் போனால் யாருக்கும் தெரியாமலே மணிக்கணக்கில் கழிந்துவிடும். முன்கூட்டியே தெரிந்த நோய், மருத்துவமனை அல்லது வலிநிவாரணச் சிகிச்சையின் கீழ் வரும் இறப்பு, இதற்குத்தான் கொஞ்சமாவது ஏற்பாடு செய்ய முடியும். உடல் தாங்குகிற நிலையில், கடைசி மாதங்களில் நிலையம் இருக்கும் ஊருக்கே போய்த் தங்குவதுதான் உண்மையில் சிறந்த வழி. அதற்கு விசாவும் வேண்டும், அங்கே மருத்துவச் செலவுக்குப் பணமும் வேண்டும். பெரும்பாலோருக்கு எட்டாத வழி.

நான்காம் படி: வீட்டில் சொல்லுங்கள்

படிவம் நிரப்புவதைவிட இது கடினம். உயிலில் எழுதிவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உயிலைப் பிரிப்பதே கருமாதி முடிந்த பிறகுதான். உடல் என்னவோ முதல் நிமிடத்திலிருந்தே குடும்பத்தின் கையில். அவர்களில் ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது.

சாவு வீட்டில் எல்லோரும் கேட்பது "எப்ப எடுக்கறீங்க?" என்றுதான். பந்தலில் பங்காளிகள் உட்கார்ந்திருக்க, தாய்மாமன் கோடி போட வந்து நிற்க, "எடுக்கப் போறதில்லை, பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போகுது" என்று உங்கள் மனைவியோ மகனோ சொல்ல வேண்டும். அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் திடீரென்று இறக்காதீர்கள். இப்போதே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, "எனக்கு இப்படி ஒரு எண்ணம் இருக்கு. உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். சடங்குகளை விட வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். படத்தை வைத்துப் பதினாறாம் நாள் காரியம் செய்யலாம், அன்னதானம் போடலாம். வெளிநாட்டில் இறந்து உடல் வராதவர்களுக்கு நம் ஊரில் அப்படிச் செய்வதுண்டு. கொள்ளிவைக்காமல் ஆன்மா அலையும் என்று அம்மா அழுதால் வாதாட வேண்டாம். அம்மா உயிரோடு இருக்கும்வரை இந்தப் பேச்சைத் தள்ளிவைப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. நீங்கள் இரண்டாம் படியை ஒழுங்காகச் செய்தால் அதற்கு நேரமும் இருக்கும்.

ஐந்தாம் படி: பணம்

கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஆயுள் உறுப்பினருக்கு 28,000 டாலர் வாங்குகிறது, நம் பணத்தில் 25 லட்சத்தைச் சுற்றி. இதில் காத்திருப்புக் குழுவும் போக்குவரத்தும் சேராது. ஆல்கரில் தலையை மட்டும் பாதுகாக்க 80,000 டாலர், முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். வெளிநாட்டினருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. கட்டணங்கள் ஏறுவது வழக்கம், சேரும் நாளில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கர்கள் ஆயுள் காப்பீட்டை அந்த நிறுவனத்தின் பேருக்கே எழுதிவைத்து இதைச் சமாளிக்கிறார்கள். இங்கே நம் டெர்ம் பாலிசியில் நாமினி பெரும்பாலும் குடும்பத்தார்தான். காப்பீட்டுத் தொகை கைக்கு வர வாரங்கள் ஆகும். பணம் உறுதியாகாமல் எந்த நிறுவனமும் கையை வைக்காது. அதனால் உயிரோடு இருக்கும்போதே முன்பணமாக அனுப்பிவைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் வரிப்பிடித்தம் இருக்கும். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அதியமான் ஆண்ட தகடூர் இது. ஆயுளை நீட்டும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன் கதையைப் பள்ளியில் படித்தவர்கள் நாம். "எனக்கே எனக்கென்று இருபத்தைந்து லட்சமா?" என்ற கூச்சம் வந்தால் அது நியாயமான கூச்சம்தான். பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன், பெற்றோர் மருத்துவம் இதில் ஏதாவது பாக்கி இருந்தால் கிரையோனிக்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். குடும்ப மருத்துவக் காப்பீடு எடுக்காதவரும் கட்டக் கூடாது. இவை எல்லாம் முடிந்து, போனாலும் பரவாயில்லை என்ற பணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆறாம் படி: காகிதங்கள்

நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு, உங்கள் விருப்பத்தைத் தமிழில் எளிமையாக எழுதி, மனைவி, வயது வந்த பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை உயிர்காப்புச் சிகிச்சை எதுவரை வேண்டும் என்பதற்கான முன்கூட்டிய மருத்துவ உத்தரவைத் தனியாக எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரியின் சான்றும் போதும்.

உடலை வெளிநாட்டுக்கு அனுப்ப இறப்புச் சான்று, மருத்துவரின் காரணச் சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, சேரும் நாட்டுத் தூதரகத்தின் கடிதம் என்று வரிசையாகக் கேட்பார்கள். இதில் ஒரு முள் இருக்கிறது. விமான நிறுவனங்கள் வழக்கமாக எம்பாமிங் சான்றிதழ் கேட்கும். எம்பாமிங் என்றால் ஃபார்மலின் ஏற்றுவது, கிரையோனிக்ஸில் அது வேண்டாத வேலை. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் உலர்பனிக்கட்டியை விமானத்தில் ஏற்றவும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. எனவே சேர்வதற்கு முன்பே, பெங்களூரில் உடல்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றிடம் "எம்பாமிங் இல்லாமல், ஐஸில் வைத்து அனுப்ப முடியுமா? எந்த விமானத்தில்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 28,000 டாலர் மிச்சம்.

இங்கே நின்றுவிடுகிறவர்களுக்கு

உறுப்புதானமும் கிரையோனிக்ஸும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. இரண்டுக்கும் பதிவு செய்திருந்தால் எது முன் என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மருத்துவமனையில் குடும்பம்தான் தடுமாறும். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் 2008-இல் தொடங்கிய அரசுத் திட்டம் வழியாகப் பலருக்குப் போகின்றன. உறுப்புதானம் செய்பவருக்கு அரசு மரியாதை என்று 2023-இல் அறிவித்தார்கள். அறிவியலில் ஆர்வம்தான் காரணம் என்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மூளை வங்கி இருக்கிறது. மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் உடல்தானம் பற்றியும் விசாரிக்கலாம்.

சேர்ந்தே தீருவேன் என்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, பிரஷர் பார்க்கும் அதே வாரத்தில், இந்தக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். முகவரி மாறியிருக்கும், ஏஜென்சி மூடியிருக்கும், டாலர் ஏறியிருக்கும், வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கு விஷயமே தெரியாமல் இருக்கும். நிறுவனத்தின் அவசர எண்ணைப் பாக்கெட்டில் வைக்கும் அட்டையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். கிருஷ்ணகிரி எல்லை தாண்டி மருத்துவமனைக்குப் போக நேரிடும் என்பதால் கன்னடத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.